ஐயர் வீட்டுப் பங்கு

புங்குடுதீவில் மீன் வாசலுக்கு வரும். மரக்கறிதான் வராது. விடிந்தும் விடியாததுமாக ஒட்டியும் ஓராவும் திரளியும் சைக்கிள் பெட்டியில் ஏறிப் படலைக்குப் படலை கூவிக்கொண்டு போகும். ஒரு கத்தரிக்காய் வேண்டுமென்றால் சந்திக்கு நடக்க வேண்டும். நடந்து போனாலும் அங்கே இருப்பது முந்தாநாள் யாழ்ப்பாணத்தில் பிடுங்கி, நேற்றுப் பஸ்ஸில் வெந்து, இன்றைக்குச் சரவணமுத்துவின் கடைக் கடகத்தில் சுருண்டு கிடக்கும் கத்தரிக்காய். அதன் விலையைக் கேட்டவரும் அப்படியே சுருண்டுபோவார்.

தீவுச் சனம் இதைப் பெரிய குறையாக எடுப்பதில்லை. கிணற்றுத் தண்ணீர் சவர், தோட்டம் சரிவராது, கடல் இருக்கிறது, போதும் என்று இருந்துவிடுவார்கள். அந்த வட்டாரத்தில் இதைக் குறையாக எடுத்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது பிள்ளையார் கோயிலடியில் இருந்த சோமாஸ்கந்தக் குருக்கள் வீடு. ஊரே மீன் மணக்க, மீனை வாயில் வைக்காத குடும்பம். குருக்களின் மனைவி யோகாம்பாள் திங்கட்கிழமை முருங்கையிலை வறுப்பார். செவ்வாய்க்கிழமை அர்ச்சனைத் தட்டில் வந்த வாழைக்காயைக் குழம்பு வைப்பார். புதன் முருங்கைக்காய். வியாழன் திரும்பவும் முருங்கையிலை. முருங்கை மரம் மட்டும் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் எப்போதோ தீவை விட்டுப் போயிருக்கும்.

"யோகம், இண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டுக்கொண்டுதான் குருக்கள் கோயிலிலிருந்து வருவார்.

"நேற்றையான் கறியின்ரை தங்கச்சி," என்பார் யோகாம்பாள்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தோடு இந்தக் குறை ஊர்க் குறையானது. கொழும்பில் கடையும் உத்தியோகமுமாக இருந்த சனம் உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்குத் திரும்பியது. போஞ்சியும் கரட்டும் தின்று பழகிய கொழும்புப் பிள்ளைகள் மீன்முள்ளைக் கண்டு அழுதார்கள். ஆள் கூடியதும் சந்திக் கடையில் விலை இன்னும் ஒரு படி ஏறியது. அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, யோகாம்பாள் ஊர்ப் பள்ளிக்கூடத்து இராசேஸ்வரி ரீச்சரைக் கோயில் கிணற்றடியில் மறித்தார்.

"ரீச்சர், ஊர்ப் பெண்டுகள் எல்லாரும் தனித்தனியாப் போய்ச் சரவணமுத்தரிட்டை விலை கேக்கிறம். எல்லாரும் சேந்து ஒராளை யாழ்ப்பாணத்துக்கு, திருநெல்வேலிச் சந்தைக்கு அனுப்பினால் என்ன?"

"நல்ல கதைதான் அம்மா. ஆரை அனுப்புறது?"

"அதை நீங்கள் பாருங்கோ. எனக்கு முருங்கையிலையைத் தவிர வேறை ஏதும் கண்ணிலை காட்டினால் காணும்."

ரீச்சர் என்றால் எல்லாவற்றையும் எழுத்தில் வைப்பார். முதல் கிழமை ஒவ்வொரு வீட்டிலும் துண்டு எழுதி வாங்கினார். நாற்பத்துமூன்று துண்டு வந்தது. ஒரு வீட்டுக்கு அரை இறாத்தல் போஞ்சி. இன்னொரு வீட்டுக்கு முற்றாத பாவற்காய் மூன்று, ஆனால் பிஞ்சாகவும் இருக்கக் கூடாது. ஒருத்தி 'நல்லதாய் ஏதும்' என்று மட்டும் எழுதியிருந்தாள். சந்தையால் சாமான் வந்த அன்றைக்குப் பொழுதுபடும் வரை வாசிகசாலை வாசலில் ஒரே அடிபிடி. என் பயித்தங்காயை யார் எடுத்தது, என் தக்காளி ஏன் நசிந்தது என்று சொந்த மச்சாள்மாரே மூன்று நாள் கதைக்காமல் திரிந்தார்கள்.

"துண்டு எழுதுற வேலை சரிவராது," என்றார் ரீச்சர். "எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கும்பி. வந்ததைச் சமமாய்ப் பிரிக்கிறது. பிரிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்."

பிரிக்கத் தெரிந்த ஆள் ஊரில் ஒருவர்தான். அவர் குலசிங்கம். மாதத்தில் இரண்டு ஞாயிறு வாசிகசாலைப் பூவரசின் கீழ் ஆடடிப்பவர். இருபது வீடு சேர்ந்து ஓர் ஆடு எடுப்பார்கள். அடித்து, வெட்டி, இருபது கும்பியாகக் குவித்து, வீட்டுக்கு ஒன்றாகக் கொண்டுபோவார்கள். இதற்குப் பெயர் பங்கு. தீவில் வெறுமனே 'பங்கு' என்றால் அது ஆட்டிறைச்சிதான். காணியில் பங்கு என்றாலும் முன்னால் 'காணி' என்று போட்டுத்தான் சொல்வார்கள், கேட்பவருக்கு வாயூறிவிடும் என்று பயம்.

குலசிங்கத்தின் பங்கில் ஒருவரும் குறை சொன்னதில்லை. அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கும்பிகளைக் குவித்ததும் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். குலசிங்கம் ஒரு கும்பியைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். முதுகு காட்டி நிற்பவர் திரும்பிப் பாராமல் ஒரு பெயரைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

ரீச்சர் போய்க் கேட்டபோது குலசிங்கம் முற்றத்தில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னை என்ன, கத்தரிக்காயை அடிக்கச் சொல்லுறியளோ ரீச்சர்?"

"அடிக்க வேண்டாம் அண்ணை. சந்தையாலை கொண்டந்து பிரிச்சுத் தந்தால் காணும்."

"ஆடெண்டால் அதுக்கொரு ஒழுங்கு இருக்கு. கழுத்து, நெஞ்சு, தொடை, குடல், ஈரல். எல்லாக் கும்பியிலும் எல்லாத்திலும் ஒரு துண்டு விழவேணும். பூசணிக்காய்க்கு ஈரல் எங்கை கிடக்குது?"

"தேடிப் பாருங்கோவன்," என்று குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி சிவக்கொழுந்தின் குரல் வந்தது. "கிடைச்சால் நான் பொரிச்சுத் தாறன்."

மனைவி பகிடி பண்ணிய பிறகு குலசிங்கத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, ஏற்றுக்கொண்டதை மனிதர் பக்தியாகச் செய்தார். பங்கு எடுப்பவர்களில் குருக்கள் வீடும் உண்டு என்று அறிந்ததும் ஆட்டுக் கத்தியைத் தொடவில்லை. புதுக் கத்தி வாங்கினார். புதுப் பாய் இழைப்பித்தார். ஊர் முழுக்க மரக்கறி சமைக்கும் நாள் என்பதால் வெள்ளிக்கிழமையை நாளாக வைத்தார். விடிய முழுகி, திருநீறு பூசி, முதல் பஸ்ஸில் போய், சாக்குகளைப் பஸ்ஸின் மேல்தட்டில் ஏற்றிப் பதினொரு மணிக்கு வந்து இறங்குவார். பதினைந்து ரூபாய்க்கு ஒரு வீட்டின் கிழமைக் கறி. சரவணமுத்துவே மூன்றாம் கிழமை வந்து, "என்ரை வீட்டுக்கும் ஒண்டு போடுமன்," என்று வெட்கத்தோடு பெயர் கொடுத்தார்.

எல்லாவற்றையும் புதிதாக்கிய குலசிங்கம் பேச்சை மட்டும் பழையபடி விட்டுவிட்டார். பூசணிக்காயின் காம்புப் பக்கம் அவருக்குக் கழுத்து. நடுத் துண்டு நெஞ்சு. விதையும் தும்பும் குடல். "பங்கு! பங்கு!" என்று பூவரசடியில் அவர் எழுப்பும் குரலுக்கு ஊர் நாய்களும் வழக்கப்படி வந்து வட்டமாகக் குந்தியிருக்கும். ஒரு வெண்டிக்காயைக்கூட ஒருவரும் போட்டதில்லை. ஆனாலும் நாய்கள் நம்பிக்கையை விடவில்லை.

முதல் கும்பி எப்போதும் கோயில் வீட்டுக்கு. யோகாம்பாள் முதல் நாள் போஞ்சியைக் கண்டு கண் கலங்கியே விட்டார். குருக்கள் கறியைப் பார்த்து, "இது ஆர், புது ஆள்?" என்று கேட்டார்.

இப்படி ஐந்து மாதம் போனது. தை பிறந்தது.

குருக்களுக்கு ஒரே மகள், நாகபூஷணி. இருபத்தாறு வயது. வந்த சம்பந்தம் மூன்றும் ஒரே காரணத்தால் தட்டிப்போயின. தீவுக்குள் இருக்கும் ஐயர்மாருக்கு ஆசாரம் காணாது, மீன்காற்றுக் குடித்தே வளர்ந்தவர்கள் என்று கடலுக்கு அக்கரை வலிகாமத்துப் பிராமணர்களிடம் ஒரு கதை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நாலாவதாக அதே வலிகாமத்து இணுவிலிலிருந்து ஒன்று வந்திருந்தது. மாப்பிள்ளை கொழும்பில் ஒரு கோயிலில் பூசை செய்து, கலவரத்தோடு ஊருக்கு வந்தவர். கார்த்திகையில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் நாகபூஷணிக்குப் பாயாசம் விட்டவர் அவர்தான். அவள் கேட்காமலே இரண்டாம் தரமும் விட்டார். இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்தமுறையும் தட்டிப்போனால் இனிச் சாதகத்தை எடுக்கவே வேண்டாம் என்று தாயிடம் சொல்லியிருந்தாள்.

எல்லாம் மாப்பிள்ளையின் பெரியப்பா குஞ்சிதபாத ஐயரின் கையில் இருந்தது. அவர் ஆசாரம் என்றால் ஆசாரம், பிறர் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார் என்று பெயர். அவர் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் வந்து நின்றார். நயினாதீவு அம்மனைக் கும்பிட்டு வரும் வழியில் எட்டிப் பார்க்கிறேன் என்பது சாட்டு. அப்போது பதினொன்றரை மணி. குருக்கள் கோயிலில் உச்சிக்காலப் பூசைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். யோகாம்பாள் வந்தவரை விறாந்தையில் கதிரை போட்டு இருத்தி, செம்பில் தண்ணீர் வைத்துவிட்டுக் குசினிக்குள் ஓடினார். குசினியில் இருந்தது அரிசியும் பருப்பும் முருங்கையிலையும்தான். பங்கு இன்னும் வரவில்லை.

"பிள்ளை, பட்டுச் சேலையைச் சுத்து. கெதியா. இந்தக் குலசிங்கத்தாரை இண்டைக்கெண்டு காணேல்லை."

சொல்லி வாய் மூடவில்லை, படலையில் குரல் கேட்டது.

"அம்மோய்! ஐயர் வீட்டுப் பங்கு!"

விறாந்தையில் இருந்த குஞ்சிதபாத ஐயர் நிமிர்ந்தார்.

"முதல் பங்கு அம்மா, வழக்கம்போலை உங்களுக்குத்தான்," என்று குலசிங்கம் படலைக்கு வெளியே நின்றே கூவினார். "போன கிழமை கழுத்துத் துண்டெண்டு குறை சொன்னியள். இண்டைக்கு நல்ல நெஞ்சுத் துண்டு. குடலெல்லாம் வழிச்சுத் துப்பரவாக்கித்தான் கொண்டந்தனான்."

அவர் கையில் பனையோலையால் இழைத்த உமல் பை. உமலின் அடியிலிருந்து சிவப்பாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விடிய ஒரு தூறல். பஸ்ஸின் மேல்தட்டில் பூசணிக்காய்ச் சாக்கின் அடியில் பீற்றூட் சாக்கு அகப்பட்டு, நனைந்து, நசிந்து, சாறாகிப்போய் வந்திருந்தது. குலசிங்கத்தின் கை முழங்கை வரை சிவப்பு. வேட்டியிலும் இரண்டு இடத்தில் துடைத்திருந்தார்.

யோகாம்பாள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார்.

"நல்ல நேரத்திலை வந்தீர் குலசிங்கம். இணுவிலாலை பெரிய ஐயா வந்திருக்கிறார். உதைத்தான் இப்ப அவருக்கு வடிவாக் கறியாக்கப் போறன்."

"ஆக்குங்கோ அம்மா, ஆக்குங்கோ. நல்ல இளசு," என்று சொல்லிவிட்டுக் குலசிங்கம் மற்றக் கும்பிகளைப் பார்க்கத் திரும்பிப் போனார்.

யோகாம்பாள் உமலோடு குசினிக்குள் போனார். முற்றத்து வெள்ளை மணலில் படலையிலிருந்து குசினி வரைக்கும் சொட்டுச் சொட்டாய் ஒரு சிவப்பு வழி. அறைக் கதவின் பின்னால் சேலை சுற்றிக்கொண்டு நின்ற நாகபூஷணி வந்தவரைப் பார்த்தாள். அவர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பினார். செம்புத் தண்ணீரைத் தொடவில்லை.

"பஸ் வரப்போகுது. நான் வாறன்," என்று கூரை வளையைப் பார்த்துச் சொன்னார். சிவப்பு வழியைக் காலை அகல வைத்துக் கடந்து படலையால் போய்விட்டார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வெள்ளிக்கிழமையில் எந்தச் சைவன் ஆடடிப்பான் என்று அந்த மனிதர் ஒரு கணம் யோசித்திருக்கலாம். தீவைப் பற்றி அவர் காதில் ஏற்கனவே விழுந்திருந்த கதை அவரை யோசிக்க விடவில்லை.

யோகாம்பாள் அரிவாளோடு வெளியே வந்தார். "எங்கை பிள்ளை அவர்? தண்ணியும் குடிக்கேல்லை."

"அம்மா, குலசிங்கண்ணை என்னெண்டு கூப்பிட்டவர்?"

"பங்கெண்டு."

"பங்கெண்டால் என்ன?"

"மரக்கறி."

"எங்களுக்கு மரக்கறி. போன வருசம் ஆனி மாதம் பங்கெண்டால் என்ன?"

யோகாம்பாளின் கை தானாக வாய்க்குப் போனது. பிறகு முற்றத்து மணலைக் கண்டார். "ஐயோ, நெஞ்சுத் துண்டெண்டெல்லோ சொன்னவர்! நான் அதைக் கறியாக்கித் தாறனெண்டும் சொல்லிப்போட்டன். பிள்ளையாரே, இனி இணுவில் முழுக்க நாறப்போகுது. அப்பான்ரை பூசையும் போச்சு, உன்ரை சம்பந்தமும் போச்சு!"

"அழாதேங்கோ. பஸ் இன்னும் வரேல்லை," என்று சொன்ன நாகபூஷணி, சேலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையால் ஓடினாள். குருக்களின் மகள் ஓடியதை அந்த ஒழுங்கை அதுவரை கண்டதில்லை.

பஸ் தரிப்பும் பூவரசும் முப்பதடி தூரம். பூவரசின் கீழ் பெண்கள் வட்டமாகக் குனிந்து நின்றார்கள். அவர்களைச் சுற்றி நாய்கள். மேலே காகங்கள். நடுவில் கத்தியோடு குலசிங்கம். இதையும் கண்ட பிறகு குஞ்சிதபாத ஐயருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. தரிப்பில் பூவரசுக்கு முதுகைக் காட்டி, சால்வையால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு பனங்கூடலைப் பார்த்தபடி நின்றார்.

நாகபூஷணி மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள்.  குலசிங்கத்தின் முகம் செத்துப்போனது.

"ஐயோ பிள்ளை, என்ரை நாக்கை இழுத்து அறுக்கவேணும். இரு, நான் போய்ச் சொல்லுறன்."

"உந்தக் கையோடை போகாதையுங்கோ அண்ணை," என்று ரீச்சர் சொல்வதற்குள் அவர் பாதி வழி போய்விட்டார்.

"ஐயா, நீங்கள் நினைக்கிறது இல்லை ஐயா அது."

"கிட்ட வராதையும்," என்றார் ஐயர் சால்வைக்குள்ளிருந்து.

"இது ரத்தமில்லை ஐயா. இஞ்சை பாருங்கோ, என்ரை கையை ஒருக்காப் பாருங்கோ."

குலசிங்கம் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். ஐயர் ஓரக்கண்ணால் பார்த்து, "சிவ சிவா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒரு கும்பியைக் கொண்டந்து காட்டட்டோ?"

"காட்டினீரெண்டால் இந்த இடத்திலை சத்தி எடுப்பன். போம்!"

மூக்கைப் பொத்தி, கண்ணையும் மூடிய மனிதருக்கு எதைக் காட்டுவது? குலசிங்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். பூவரசின் அடியில் குந்தி, "நான் கெடுத்துப்போட்டன் ரீச்சர்," என்றார். ஆட்டுக்குத் துளியும் இரங்காத மனிதர் அழுகிற நிலையில் இருந்தார். தூரத்தில் குறிகட்டுவான் துறைப் பக்கமிருந்து பஸ்ஸின் இரைச்சல் கேட்டது.

நாகபூஷணி போய் ஐயரின் பின்னால் நின்றாள். 

"மாமா."

"பிள்ளை, நடுறோட்டிலை நிக்காதை. வீட்டை போ."

"போறன். ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லுங்கோ, போறன். இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமையிலை ஆடடிக்கிற ஊர் யாழ்ப்பாணத்திலை எங்கையும் இருக்கோ?"

"இருக்காதெண்டுதான் நானும் நினைச்சனான். காதாலை கேட்டனே. நெஞ்சு, கழுத்து, குடல்."

"அது பூசணிக்காய் மாமா."

"பூசணிக்காய்க்குக் குடலோ?"

"குலசிங்கண்ணைக்கு எல்லாம் ஆடுதான். முப்பது வருசம் ஆடு வெட்டின வாய். கத்தியை மாத்தினார், பாயை மாத்தினார், வாயை மாத்த ஏலாமல் போச்சு. பீற்றூட் நசிஞ்சு ஒழுகினதைத்தான் நீங்கள் கண்டது."

 பஸ் பனங்கூடல் வளைவில் தெரிந்தது. நாகபூஷணியின் பயம் கோபமாக மாறியது. ஐந்து மாதமாகத் தாய் ஆசையோடு எண்ணி எண்ணிச் சமைத்த போஞ்சி அவள் நினைவுக்கு வந்தது.

"காதாலை கேட்டதை நம்பினியள். கண்ணாலை கண்டதை நம்பினியள். மூக்கை மட்டும் பொத்தி வைச்சிருக்கிறியள். உங்கடை மூக்கு ஆசாரமான மூக்குத்தானே? சால்வையை ஒருக்கா எடுங்கோ. வாடைக்காத்து அங்கையிருந்துதான் வருகுது. இறைச்சி மணம் ஒரு துளி வந்தால் நீங்கள் திரும்பவும் வேண்டாம், இந்தச் சம்பந்தமும் வேண்டாம். நானே அப்பாட்டைச் சொல்லுறன்."

 ஐயரின் கை கொஞ்சம் தளர்ந்தது. சால்வை மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கியது. அவர் பயந்து பயந்து ஒரு சின்ன மூச்சு இழுத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவது மூச்சை நன்றாக நெஞ்சு நிறைய இழுத்தார். கறிவேப்பிலையும் வெங்காயத்தாளும் மணத்தன. அவற்றுக்கு மேலாக, பழுத்த கொய்யாப்பழம் மணத்தது.

"கொய்யா," என்றார்.

"ஓம் மாமா. இந்தக் கிழமை வீட்டுக்கு நாலு."

ஐயர் திரும்பினார்.

பெண்கள் இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள். புதுப் பாயில் நாற்பத்திரண்டு கும்பி, நாலு வரிசையில், ஒன்றைப் போல மற்றது. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி போஞ்சி, ஐந்து கத்தரிக்காய், ஒரு கட்டுக் கீரை, ஒரு வாழைக்காய், ஒரு பூசணித் துண்டு, நசிந்தது பாதி நசியாதது பாதியாய்ப் பீற்றூட், மேலே நாலு கொய்யா. ஐயர் பாயடிக்கு வந்து குனிந்து ஒரு பீற்றூட்டைத் தொட்டார். அவர் விரலும் சிவந்தது. அந்த விரலை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரிக்கத் தெரியாத முகம் என்று இணுவிலில் பெயரெடுத்த மனிதர், சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

பஸ் வந்து நின்றது. "யாழ்ப்பாணம் போறவர் ஆரும் இருக்கோ?" என்று கொண்டக்டர் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை, போம்," என்றார் ஐயர். "எனக்குப் பசிக்குது." பிறகு குலசிங்கத்தைப் பார்த்தார். "எழும்பும் காணும். என்ன செய்யிறியள் இனி உதுகளை? ஆர் எதை எடுக்கிறது?"

குலசிங்கம் எழும்பி முறையைச் சொன்னார். முதுகு காட்டி நிற்பவர் ஒருவரையும் தெரியாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது என்று ரீச்சர் ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். ஐயர் ரீச்சரின் கையிலிருந்த பெயர்க் கடதாசியை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, அந்தப் பெண்களுக்கெல்லாம் முதுகைக் காட்டி, மந்திரம் சொல்லப் போகிறவர் மாதிரிச் சப்பாணி கட்டி நிலத்தில் இருந்தார்.

"இது ஆருக்கு?"

"முருகேசு."

"இது ஆருக்கு?"

"பரமலிங்கம் பெண்சாதி."

"இது ஆருக்கு?"

"சரவணமுத்து, கடை. கடைக்காறனுக்கும் மரக்கறியோ?"

அவர் குரல் கணீரென்று இருந்தது. பெண்கள் சிரித்துச் சிரித்து உமல்களை நிரப்பினார்கள். பூசை முடித்து விசயம் கேள்விப்பட்டு ஓடிவந்த குருக்கள், ஈர வேட்டியோடு றோட்டோரம் நின்று ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். யோகாம்பாள் அவர் பின்னால் அரிவாளைக் கையில் வைத்தபடியே நின்றார்.

நாற்பத்தோராவது பெயரோடு கடதாசி முடிந்தது. பாயில் ஒரு கும்பி மிச்சம். அது பங்கு போடுபவருக்கு உரியது, பெயர் எழுதுவதில்லை. கேட்டுக் கேட்டு வந்த வாய், குலசிங்கம் அதையும் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

ஐயர் கடதாசியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"எங்கடை நாகபூஷணிக்கு," என்றார்.

பெண்கள் உமல்களை விட்டு நிமிர்ந்தார்கள். நாகபூஷணிக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் அது மரக்கறியோடு முடிந்திருக்கும். முன்னால் விழுந்த அந்த 'எங்கடை'யை யோகாம்பாள்தான் முதலில் விளங்கிக்கொண்டார். அரிவாள் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. நடுறோட்டில் ஒரு பெரிய மனிதரோடு வாயாடிய நாகபூஷணி, இப்போது ரீச்சரின் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு அழுதாள்.

"இஞ்சருங்கோ, அப்ப எங்கடை வீட்டுக்கு இண்டைக்கு என்ன கறி?" என்று சிவக்கொழுந்து மெல்லக் கேட்டாள்.

"விசரே உனக்கு? சம்பல் இடி, காணும்," என்றார் குலசிங்கம். அவர் அந்தக் கும்பியை ஒரு போஞ்சியும் சிந்தாமல் உமலில் அள்ளி, சிவந்த கைகளால் ஏந்திக்கொண்டு போய் ரீச்சரின் பின்பக்கம் நின்றார்.

"இந்தா பிள்ளை," என்றார்.

நாகபூஷணி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள்.